இரட்டைக் கருவோடு இரண்டு கட்டிகள்: பதினேழாவது வாரத்தில் வந்த ஒரு கடிதம்

வாசகி எழுதிய கடிதம் நான்கு பக்கம் நீள்கிறது. அவர் யார் என்று தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு வயது 34. திருமணமாகி ஏழு ஆண்டுகள் காத்திருந்து, ஐ.வி.எஃப். சிகிச்சையில் முதல் முறையாகக் கரு தங்கியிருக்கிறது. இரட்டைக் குழந்தைகள், இப்போது பதினேழாவது வாரம். கருப்பையில் இரண்டு ஃபைப்ராய்டு கட்டிகள் இருப்பது சிகிச்சைக்கு முன்பே தெரியும். முன்சுவரின் மேல்பகுதியில் உள்ள பெரிய கட்டி அப்போது 6 செ.மீ. இருந்தது, பன்னிரண்டாவது வார ஸ்கேனில் 8 செ.மீ. ஆகியிருக்கிறது. இன்னொன்று பின்சுவரின் கீழ்ப்பகுதியில், கருப்பை வாய்க்கு அருகில், 4 செ.மீ. பதினைந்தாவது வாரத்தில் ஒருநாள் இரவு தொப்புளுக்கு வலப்பக்கம் பொறுக்க முடியாத வலி வந்தது. வீட்டிலிருந்த ஐபுப்ரோஃபென் மாத்திரையை இரண்டு முறை சாப்பிட்டார். மறுநாள் மருத்துவமனையில் "கட்டி அழுகுகிறது" என்று யாரோ பேசிக்கொண்டது காதில் விழுந்தது. வலி மாத்திரைகள் குழந்தைக்கு ஆகாது என்று பிறகு கேள்விப்பட்டு, மருத்துவர் எழுதித் தந்திருந்த குறைந்த அளவு ஆஸ்பிரினையும் பயந்துபோய் நிறுத்திவிட்டார். பத்து நாள் ஆகிறது. வேலைக்குப் போவதையும் நிறுத்திவிட்டு, பகலும் இரவும் படுத்தே இருக்கிறார். ஹீமோகுளோபின் 9.4.

அவருடைய கேள்விகள் இவை. கட்டி குழந்தைகளுக்குப் போகும் ரத்தத்தை உறிஞ்சிக்கொள்கிறதா? இப்போதே அறுவை செய்து எடுத்துவிடலாமா? புற்றுநோயாக மாறுமா? ஸ்கேன் அறிக்கையில் எழுதியிருக்கும் "டைகோரியானிக் டைஅம்னியாடிக்" என்பது என்ன நோய்? "இரண்டில் ஒன்றைக் குறைத்துவிட்டால் மற்றதாவது தங்கும்" என்று குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் சொல்கிறாரே, அது சரியா? சிசேரியனின்போது கட்டிகளையும், முடிந்தால் கருப்பையையும் சேர்த்தே எடுத்துவிடச் சொல்லலாமா?

சகோதரி, நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் அவசரமானது அதுதான். ஆஸ்பிரினை உங்கள் மருத்துவர் வலிக்காக எழுதவில்லை. முதல் கர்ப்பம், அதிலும் இரட்டைக் கரு எனும்போது, இருபது வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் ஏறி, பெரும்பாலும் சிறுநீரில் புரதமும் வெளியேறி, தாய்க்கும் குழந்தைகளுக்கும் ஆபத்தாக முடியும் ப்ரீஎக்ளாம்ப்சியா வருவதற்கான வாய்ப்பு கூடுகிறது. தினமும் 75 முதல் 150 மில்லிகிராம் வரையிலான ஆஸ்பிரின் அந்த வாய்ப்பைக் குறைக்கிறது. பன்னிரண்டாவது வாரத்திலிருந்து பதினாறாவது வாரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம் என்பதால்தான் அவ்வளவு சீக்கிரமே எழுதித் தந்திருக்கிறார். ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் ஒரே வகையைச் சேர்ந்த மருந்துகள் என்பது உண்மை. ஆனால் இந்தச் சிறிய அளவில் ஆஸ்பிரின் செய்யும் வேலை வேறு. அதனால் குழந்தைகளுக்குத் தீங்கு வருவதில்லை. ரத்தக்கசிவோ, வயிற்றுப்புண்ணோ, மருந்து ஒவ்வாமையோ இருந்தால் அதையும் சொல்லி, மீண்டும் தொடங்குவது பற்றி உங்கள் மருத்துவரிடம் இன்றே கேளுங்கள்.

நீங்கள் சாப்பிட்ட இரண்டு ஐபுப்ரோஃபென் மாத்திரைகளை நினைத்து இரவெல்லாம் அழுததாக எழுதியிருக்கிறீர்கள். பதினைந்தாவது வாரத்தில் இரண்டே மாத்திரை குழந்தைகளைப் பாதித்திருக்கும் என்று நினைக்கக் காரணம் இல்லை. இருபதாவது வாரத்துக்குப் பிறகுதான் இந்த வகை மருந்தில் கவனம் தேவை. தொடர்ந்து சாப்பிட்டால் குழந்தையின் சிறுநீர் குறைந்து பனிக்குட நீர் வற்றலாம். கர்ப்பத்தின் பிற்பகுதியில், குழந்தையின் இதயத்தருகே பிறக்கும்வரை திறந்திருக்க வேண்டிய ஒரு ரத்தக்குழாய் முன்கூட்டியே சுருங்கலாம். இனி வலி வந்தால் பாராசிட்டமால் போதும். அளவை மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இரவு வந்த வலி

"அழுகுகிறது" என்ற சொல் உங்களை உலுக்கிவிட்டது. யார் சொன்னாரோ, பாதி விஷயத்தைத்தான் சொல்லியிருக்கிறார். ஃபைப்ராய்டு என்பது கருப்பைச் சுவரின் தசையிலிருந்தே உருவாகும் நார்த்திசுக் கட்டி. கருப்பை விரியும்போது கட்டிக்குப் போகும் ரத்தக்குழாய்கள் நெருக்கப்படுகின்றன; அல்லது கட்டி வேகமாக வளர்ந்து, கிடைக்கும் ரத்தம் போதாமல் போகிறது. அப்போது நடுப்பகுதித் திசு செத்து, உள்ளேயே ரத்தம் கசிந்து சிவக்கிறது. இதைச் சிவப்புச் சிதைவு என்கிறோம். கிருமி இல்லை, சீழ் இல்லை. குழந்தைகள் இருக்கும் பனிக்குடத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. 5 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டிகளில்தான் இது அதிகம் நடக்கிறது. லேசான காய்ச்சல், வாந்தி வரலாம். ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் ஏறியிருக்கலாம். அதனால் குடல்வால் அழற்சி என்று தவறாக நினைப்பதும் உண்டு.

பல ஆண்டுகளுக்கு முன் இதே வலியோடு வந்த ஒரு பெண்ணை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. பிரசவ வலி தொடங்கிவிட்டது என்று வீட்டார் பதறிக்கொண்டு நின்றார்கள். "எங்கே வலிக்கிறது?" என்று கேட்டேன். உள்ளங்கையால் வயிற்றைத் தடவாமல், ஆள்காட்டி விரலை ஒரே இடத்தில் வைத்துக் காட்டினார். நான் அங்கே மெல்ல அழுத்தியதும் துடித்துப்போனார். நான்கு விரல் தள்ளித் தொட்டபோது வயிறு தளர்வாக இருந்தது, வலியும் இல்லை. ஸ்கேன் கருவியை அதே இடத்தில் வைத்தேன். நேர் கீழே கட்டி. பிரசவ வலி இப்படி வராது. வயிறு முழுவதும் இறுகும், சிறிது நேரத்தில் தளரும், மீண்டும் இறுகும். இந்த வித்தியாசத்தை உங்கள் கையாலேயே தெரிந்துகொள்ளப் பழகுங்கள்; அடுத்த முறை வலி வந்தால் பாதி பயம் குறையும். ஆனாலும் வீட்டிலேயே முடிவு கட்டிவிடாதீர்கள். சிதைவின்போது வெளிப்படும் வேதிப்பொருள்கள் சில நேரம் கருப்பையையே சுருங்கத் தூண்டும். இரட்டைக் கரு உள்ள பெண்ணுக்கு அதை ஒரு முறையாவது மருத்துவர் பார்ப்பதே நல்லது.

ஓய்வு, நீர்ச்சத்து, வலி மருந்து இவற்றோடு பெரும்பாலும் சில நாட்களில், அதிகம் போனால் ஓரிரு வாரத்தில் வலி அடங்கிவிடும். உங்களுக்கும் அப்படித்தான் அடங்கியிருக்கிறது.

அளவைவிட இடம் முக்கியம்

கடிதத்தில் 8 என்ற எண்ணை ஆறு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு இடங்களில் அடிக்கோடு வேறு. நான் உங்கள் ஸ்கேன் அறிக்கையில் அந்த எண்ணுக்கு முன்பாகத் தேடியது வேறு ஒன்றை: கட்டி எந்தச் சுவரில், எந்த ஆழத்தில் இருக்கிறது, அதன் மேல் நஞ்சுக்கொடி ஒட்டியிருக்கிறதா?

கருப்பையின் உட்குழிக்குள் துருத்தும் கட்டிகளே கருவுக்கு அதிகத் தொல்லை தருபவை. கருச்சிதைவுக்கு வாய்ப்பு கூடுவதும் அவற்றால்தான். சுவருக்குள் புதைந்தவை அடுத்த நிலை. வெளிப்பக்கம் புடைத்திருப்பவை பெரிதாக இருந்தாலும் பெரும்பாலும் குழந்தைகளைத் தொந்தரவு செய்வதில்லை. உங்கள் பெரிய கட்டி வெளிப்பக்கமாக வளர்ந்திருக்கிறது, உட்குழியை அழுத்தவில்லை என்று அறிக்கை சொல்கிறது. அந்த வரியை நீங்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. இன்னொரு முறை எடுத்துப் படியுங்கள்.

அறிக்கையில் இல்லாதது ஒன்று உண்டு. இரண்டு நஞ்சுக்கொடிகளில் ஒன்று முன்சுவரில் இருக்கிறது. பெரிய கட்டியும் முன்சுவரில்தான். நஞ்சுக்கொடி கட்டியின் மேல் அமர்ந்திருக்கிறதா, விலகியிருக்கிறதா என்று எழுதவில்லை. கட்டியின் மேல் நஞ்சுக்கொடி அமைந்தால், அது முன்கூட்டியே சுவரிலிருந்து பிரிந்து ரத்தப்போக்கு ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது. அடுத்த ஸ்கேனில் இந்த ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். திரையில் நஞ்சுக்கொடி வெளிர்ச் சாம்பல் நிறத்தில் மெத்தை விரித்தது போலத் தெரியும். கட்டி அதைவிடக் கருத்து, உருண்டையாக, ஓரங்களில் நிழல் விழத் தெரியும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்பதை மருத்துவர் உங்களுக்கே காட்டலாம். சில நேரம் கருப்பைத் தசை ஓரிடத்தில் இறுகி நின்று புதிய கட்டி போலத் தோன்றும். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் காணாமல் போயிருக்கும். அப்படி ஏதாவது சொல்லக் கேட்டால் உடனே கலங்கிவிடாதீர்கள்.

6 செ.மீ. எட்டானதைப் பார்த்து, பிரசவத்துக்குள் இருபதாகிவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். கட்டிகள் அப்படி நேர்கோட்டில் வளர்வதில்லை. கர்ப்பத்தில் பல கட்டிகள் வளர்வதே இல்லை. வளர்பவையும் பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில் வளர்ந்து பிறகு நின்றுவிடுகின்றன. சில சுருங்கவும் செய்கின்றன. குழந்தைகளின் ரத்தத்தைக் கட்டி உறிஞ்சுவதும் இல்லை. குழந்தைகளுக்கு வேண்டியது நஞ்சுக்கொடி வழியாகவும் தொப்புள்கொடி வழியாகவும் போகிறது. கட்டிக்கு வரும் ரத்தம் கருப்பைச் சுவரின் கிளைக் குழாய்களிலிருந்து வருகிறது. குழந்தைகள் ஒழுங்காக வளர்கின்றனவா என்பதை வயிற்றை நாடாவால் அளந்து சொல்ல முடியாது. இரட்டைக் குழந்தைகளும் கட்டியும் சேர்ந்த வயிற்றில் அந்த அளவுக்குப் பொருளே இல்லை. ஸ்கேன் ஒன்றுதான் வழி.

புற்றுநோய் பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். ஐம்பது வயதுக்குள் பெரும்பான்மையான பெண்களுக்கு ஃபைப்ராய்டு வந்துவிடுகிறது. அது புற்றாக மாறுவது மிக மிக அரிது. உங்கள் வயதில் இன்னும் அரிது.

இப்போது அறுவை செய்து எடுக்கும் யோசனையும் வேண்டாம். கர்ப்ப காலத்தில் கருப்பைக்குப் பாயும் ரத்தம் பல மடங்கு கூடியிருக்கும். அந்த நிலையில் கத்தி வைப்பது இரண்டு குழந்தைகளையும் உங்களையும் சேர்த்தே ஆபத்தில் தள்ளும். காம்பு உள்ள கட்டி முறுக்கிக்கொள்வது போன்ற அபூர்வமான நெருக்கடிகளில் மட்டுமே அதை யோசிப்போம். உங்களுக்கு அப்படி எதுவும் இல்லை.

அந்த நீண்ட பெயர் நோயல்ல

டைகோரியானிக் டைஅம்னியாடிக் என்றால், ஒவ்வொரு குழந்தைக்கும் தனி நஞ்சுக்கொடி, தனிப் பனிக்குடம் என்று பொருள். இரட்டைக் கருக்களில் ஆபத்து மிகக் குறைந்த அமைப்பு இதுதான். ஒரே நஞ்சுக்கொடியைப் பகிரும் குழந்தைகளில் நூற்றில் பத்து முதல் பதினைந்து கர்ப்பங்களில் ஒரு குழந்தையின் ரத்தம் மற்றதற்குப் போய்விடும் சிக்கல் வருகிறது. அதனால் அவர்களுக்குப் பதினாறாவது வாரத்திலிருந்தே இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஸ்கேன் தேவைப்படும். உங்களுக்கு நான்கு வாரத்துக்கு ஒரு முறை பொதுவாகப் போதும். கட்டியும் நஞ்சுக்கொடியும் அமைந்திருக்கும் விதத்தைப் பார்த்து மருத்துவர் கூட்டிக்கொள்ளலாம்.

ஒரு குழந்தையைக் குறைப்பது பற்றி

பெரியவர் அக்கறையில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த யோசனைக்கு அடியில் ஒரு தவறான கணக்கு இருக்கிறது: கட்டி இடத்தை அடைத்துக்கொண்டதால் இருவருக்கும் இடம் போதாது என்பது. கருப்பை பெட்டி போன்றதல்ல. அது விரிந்துகொண்டே போகும். இரட்டைக் கருவும் கட்டியும் சேர்ந்திருந்த பெண்களைக் கட்டி இல்லாத இரட்டைக் கர்ப்பிணிகளோடு ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2013-இல் அமெரிக்காவில் வெளியானது. கட்டி இருந்தவர்களுக்குக் குறைப்பிரசவமோ குழந்தையின் வளர்ச்சிக் குறைவோ கூடுதலாக இருந்ததாக அதில் தெரியவில்லை. ஒரே ஓர் ஆய்வை வைத்து எல்லாம் முடிந்தது என்று நான் சொல்லமாட்டேன். பெரிய கட்டிகள், நஞ்சுக்கொடிக்கு அடியில் உள்ள கட்டிகள் தனிக் கவனம் கேட்பவைதான். ஆனால் உங்கள் கர்ப்பத்தில் கூடுதல் கவனம் தேவைப்படுவதற்கு முதல் காரணம் குழந்தைகள் இரண்டு என்பது. கட்டி அதற்குப் பிறகுதான் வருகிறது.

குறைக்கும் சிகிச்சையிலேயே முழுக் கர்ப்பமும் கலைந்துபோகும் ஆபத்து உண்டு. கட்டி இருக்கிறது என்பதற்காக மட்டும் அதைச் செய்ய மருத்துவக் காரணம் எனக்குத் தெரியவில்லை. தனித்தனி நஞ்சுக்கொடி உள்ள நிலையில் செய்முறை அளவில் அது முடியக்கூடியதே. என்றாலும் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். முடிவு உங்களுடையது. கணவரும் மாமியாரும் கூடி உட்கார்ந்து எடுக்கும் குடும்பத் தீர்மானம் ஆகாது இது. ஒப்புதல் படிவத்தில் உங்கள் கையெழுத்து இல்லாமல் யாரும் எதுவும் செய்யக் கூடாது. சந்தேகம் இருந்தால் இரட்டைக் கர்ப்பங்களைத் தொடர்ந்து பார்க்கும் வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேளுங்கள். அதைக் கேட்பதால் உங்கள் மருத்துவருக்கு மரியாதைக் குறைவு ஏதும் இல்லை.

எழுந்து நடமாடுங்கள்

முழுநேரப் படுக்கை ஓய்வு குறைப்பிரசவத்தைத் தடுப்பதில்லை. கர்ப்பத்தில் ரத்தம் உறையும் தன்மை ஏற்கெனவே கூடியிருக்கும். அசையாமல் கிடந்தால் கால் நரம்புகளில் ரத்தக்கட்டு உண்டாகும் ஆபத்து அதோடு சேர்ந்துகொள்கிறது. தசை தளர்கிறது, மனம் சோர்கிறது. வலி வந்த நாட்களில் ஓய்வெடுத்தது சரி. இப்போது மெல்ல நடங்கள், வீட்டு வேலைகளில் இலகுவானவற்றைச் செய்யுங்கள். வேலைக்குத் திரும்புவது பற்றி உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள்; உட்கார்ந்து செய்யும் வேலை என்பதால் கதவை இப்போதே மூடிவிட வேண்டாம்.

குறைப்பிரசவம் வருமா என்ற கேள்விக்குக் கட்டியின் அளவைவிடக் கருப்பை வாயின் நீளம் நல்ல பதில் தரும். பதினெட்டாவது வாரத்திலிருந்து இருபத்து நான்காவது வாரத்துக்குள் பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேனில் அதை அளக்க முடியும். 25 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் புரோஜெஸ்டிரோன் மருந்து பற்றி மருத்துவர் யோசிப்பார். இரட்டைக் குழந்தைகளில் பாதிக்கு மேல் 37 வாரம் முடியும் முன்பே பிறக்கின்றன. இது பயமுறுத்தச் சொல்வதல்ல. பிறக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது. முன்கூட்டியே பிரசவமாகும் அறிகுறி தெரிந்தால், குழந்தைகளின் நுரையீரல் முதிர ஒரு நாள் இடைவெளியில் தாய்க்கு இரண்டு ஸ்டீராய்டு ஊசிகள் போடுவோம். அந்த ஊசிக்கு நேரம் கிடைக்க வேண்டுமானால் நீங்கள் சீக்கிரம் வந்து சேர வேண்டும்.

ரத்தம்

என்னை உறுத்தும் எண் 8 அல்ல, 9.4. கர்ப்பத்தின் நடுப் பகுதியில் ஹீமோகுளோபின் 10.5-க்குக் கீழே இருந்தால் அதை ரத்தசோகை என்கிறோம். உங்களுக்கு அது ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்கிறேன்.

குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி பிரிந்ததும், அது ஒட்டியிருந்த இடத்தில் ரத்தக்குழாய்கள் வாய் திறந்தபடி இருக்கும். அவற்றை மூடுவது கருப்பைத் தசைதான். பின்னிக்கிடக்கும் தசைநார்கள் இறுகி அந்தக் குழாய்களை நெரித்துவிடுகின்றன. கையை இறுக மூடிப் பாருங்கள். பிறகு உள்ளங்கையில் ஒரு சிறிய பந்தை வைத்துக்கொண்டு மூடிப் பாருங்கள். விரல்கள் முழுதாகச் சேராது. சுவரில் கட்டி இருக்கும் கருப்பைக்கும் அதே சங்கடம். இரண்டு குழந்தைகளைத் தாங்கி நன்றாக விரிந்த தசை களைத்தும் போயிருக்கும். இரண்டும் சேரும்போது பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்குக்கு வாய்ப்பு கூடுகிறது. நிறுத்த வழிகள் நிறைய உண்டு: ஆக்சிடோசின் முதலிய ஊசிகள், மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் உயிர் காப்பதாக 2017-இல் வெளியான பெரிய பன்னாட்டு ஆய்வு காட்டிய டிரானெக்சாமிக் அமிலம், கருப்பைக்குள் வைத்து ஊதும் பலூன், கருப்பையை வெளியிலிருந்து இறுக்கிக் கட்டும் தையல். ஆனால் 12 ஹீமோகுளோபினோடு வருபவர் தாங்கும் இழப்பை 9-ஓடு வருபவர் தாங்கமாட்டார்.

பிரசவத்துக்கு இன்னும் நான்கைந்து மாதங்கள் இருக்கின்றன, போதுமான அவகாசம். இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிடுகிறீர்களா என்று நீங்கள் எழுதவே இல்லை. மலச்சிக்கலாலோ குமட்டலாலோ நிறுத்தியிருந்தால் அதை ஒளிக்காமல் சொல்லுங்கள். மாத்திரையை டீ, காபி, பாலோடு சேர்த்துச் சாப்பிடாதீர்கள். ஒத்துக்கொள்ளவே இல்லையென்றால் நரம்பு வழியாக ஏற்றும் இரும்பு ஊசி இருக்கிறது. மூன்று நான்கு வாரத்தில் மறுபடி ரத்தம் சோதித்து ஏறுகிறதா என்று பாருங்கள்.

பிரசவ நாளுக்கு முன்பே பேச வேண்டியவை

கட்டி இருந்தால் சிசேரியன்தான் என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். கொஞ்சம் பொறுங்கள். முதல் குழந்தை தலை கீழாக இருந்தால், திட்டமிட்ட சிசேரியன் சுகப்பிரசவ முயற்சியைவிடக் குழந்தைகளுக்குப் பாதுகாப்பானது என்று நிரூபணமாகவில்லை. 2013-இல் வெளியான, 25 நாடுகளில் ஏறத்தாழ 2,800 இரட்டைக் கர்ப்பிணிகள் பங்கேற்ற ஆய்வு இதைத்தான் காட்டியது. உங்கள் விஷயத்தில் முட்டுக்கட்டையாகக் கூடியது அந்தச் சிறிய கட்டி, 4 செ.மீ. கீழே, வழியில் இருக்கிறது. கருப்பையின் கீழ்ப்பகுதி பிந்தைய மாதங்களில் நீளும்போது அது மேலே இழுபட்டு வழிவிடவும் கூடும்; விடாமலும் போகலாம். 34-ஆவது வாரத்தையொட்டிப் பார்த்து முடிவு செய்வது போதும். சிக்கல் ஏதும் இல்லையென்றால் உங்களைப் போன்ற இரட்டைக் கர்ப்பத்தில் 37-ஆவது வாரத்தை ஒட்டிப் பிரசவத்தைத் திட்டமிடுவது வழக்கம்.

சிசேரியன் என்று முடிவானால், கட்டியைக் கீறாமல் குழந்தைகளை எடுக்க எங்கே வெட்டுவது என்பதை முந்தைய நாளே ஸ்கேன் பார்த்துத் திட்டமிடச் சொல்லுங்கள். கருப்பையின் மேல்பகுதியில் நெடுக்காக வெட்ட வேண்டி வந்தால், அடுத்த கர்ப்பத்தில் பிரசவ வலி வரும்வரை காத்திருக்கக் கூடாது. தோலில் தெரியும் தழும்பு இதைச் சொல்லாது. அதனால் உள்ளே எங்கே, எப்படி வெட்டினார்கள் என்பதை எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அதே அறுவையில் கட்டிகளையும் எடுக்கலாமா? நான் உங்கள் மருத்துவராக இருந்தால் பெரிய கட்டியைத் தொடமாட்டேன். பேறுகாலத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் பாய்கிறது. அந்த நேரத்தில் 8 செ.மீ. கட்டியைத் தோண்டுவது வலிய வம்பை விலைக்கு வாங்குவது. காம்பில் தொங்கும் கட்டியை, அல்லது வெட்டும் வழியில் குறுக்கே நிற்கும் கட்டியை, அனுபவமுள்ளவர்கள் எடுப்பதுண்டு. எப்படியும் பிரசவத்துக்குப் பிறகு பல கட்டிகள் தாமாகவே சுருங்குகின்றன. சில ஸ்கேனில் தென்படாமலே போய்விடுகின்றன. ஆறு மாதம் கழித்துப் பார்த்து, தொல்லை இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

கருப்பையை எடுத்துவிடச் சொல்லாதீர்கள். ரத்தப்போக்கு வேறு எந்த வழியிலும் நிற்காதபோது உயிரைக் காக்கச் செய்யும் கடைசிச் சிகிச்சை அது. அந்த நிலை வந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு முன்கூட்டியே சம்மதம் கேட்பார்கள். அவசரத்தில் கையெழுத்து போடாமல், படித்து, கேட்டு, புரிந்துகொண்டு போடுங்கள்.

பிரசவத்துக்குத் தேர்ந்தெடுக்கும் மருத்துவமனையில் கேட்க வேண்டியவை மூன்று: இரவு இரண்டு மணிக்கும் உங்கள் வகை ரத்தம் கிடைக்குமா? ஒரே நேரத்தில் இரண்டு குறைமாதக் குழந்தைகளைப் பார்க்கத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இடம் உண்டா? மயக்க மருந்து நிபுணர் அங்கேயே இருப்பாரா, அழைத்தால்தான் வருவாரா?

இவற்றில் எது நேர்ந்தாலும் காத்திருக்க வேண்டாம்

எந்த அளவிலும் ரத்தம் படுவது. பனிக்குட நீர் கசிவது. வயிறு பலகை போல இறுகித் தளராமலே வலிப்பது. சீரான இடைவெளியில் இறுக்கம் திரும்பத் திரும்ப வருவது. விடாத தலைவலி, கண் மங்குவது, மேல்வயிற்று வலி, முகம் திடீரென்று வீங்குவது. 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல். ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத்திணறல். பிந்தைய வாரங்களில் இருவரில் ஒருவரின் அசைவு குறைந்ததாகத் தோன்றினாலும் போங்கள். "அசைவு இருக்கிறதே, மற்றவருடையதாக இருக்கும்" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

கடைசிப் பக்கத்தில், "கட்டி இருப்பதை மறைத்துக் கல்யாணம் செய்துகொண்டாயா" என்று ஒருவர் கேட்டதை எழுதி, அடுத்த வரியை அடித்துவிட்டிருக்கிறீர்கள். ஃபைப்ராய்டு யாரும் செய்த தவற்றால் வருவதில்லை. ஹார்மோன்களும் பரம்பரையும் சேர்ந்து செய்யும் வேலை அது. தசைக்குள் எப்போது முளைத்தது என்று எந்தப் பெண்ணுக்கும் தெரியாது. அடுத்த பரிசோதனைக்கு உங்கள் கணவரை உடன் அழைத்துப் போங்கள். ஸ்கேன் திரையில் இரண்டு இதயத் துடிப்புகளையும் பார்த்துவிட்டு, மருத்துவர் வாயாலேயே இதை அவர் கேட்கட்டும். வீட்டில் பதில் சொல்லும் பொறுப்பை அவர் ஏற்றுக்கொள்ளட்டும்.

நஞ்சுக்கொடி பற்றிய கேள்வி அடுத்த ஸ்கேன் வரை காத்திருக்கலாம், இரும்புச்சத்து வார இறுதி வரை கூடக் காத்திருக்கலாம். ஆஸ்பிரின் காத்திருக்க முடியாது. இதைப் படித்து முடித்ததும் உங்கள் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துவிடுங்கள்.